சலூன் தொட்டியில் தண்ணீர் மாற்றிய கதை

அன்புள்ள பங்காளிக்கு,

கடை நலம், வீட்டில் எல்லோரும் நலம், மீன் தொட்டியும் நலம். இந்தக் கடைசி வார்த்தையை மனசாட்சியோடு எழுத வேண்டும் என்றுதான் ஒரு மாதமாகப் பேனாவைத் தொடவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ மூன்றாவது வார்த்தையிலேயே "சரி, வச்சிடறேன்" என்கிறாய். கடிதத்தை அப்படிச் சட்டென்று வைத்துவிட முடியாது.

முதலில் நல்ல செய்தி. போன வியாழக்கிழமை நம் கறுப்பு வால்காரி குட்டி போட்டுவிட்டாள்! கப்பி மீன் முட்டையிடாது, குட்டிதான் போடும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இமை முடி அளவுக்கு இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெரிய கண். நான் பதினொன்று எண்ணினேன். லாரி ஓட்டுகிற ஹாரன் பதினெட்டு என்று சாதிக்கிறார். அவர் குரலுக்கு நீ வைத்த பட்டப் பெயர் இப்போது கடை முழுக்கப் பரவிவிட்டது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து வந்து எண்ணியவர், சுவர்க் கண்ணாடியில் தெரிந்ததையும் சேர்த்து எண்ணியிருப்பார். பெரிய மீன்கள் குட்டிகளைத் தின்றுவிடுமாம். அதனால் ஒரு கொத்துச் செடி வாங்கி மிதக்க விட்டிருக்கிறேன். வேருக்குள் புகுந்துகொண்டு எட்டிப் பார்க்கின்றன.

இனி கெட்ட செய்தி. என்னிடம் ஆறு மீன்களை விட்டுப் போனாய். அதில் இப்போது மிச்சம் நான்குதான். குற்றவாளி நான்.

கை ஆபரேஷனுக்காக நீ உன் அக்கா ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில் "வாரா வாரம் தண்ணி மாத்திடு" என்று மட்டும் சொன்னாய். எவ்வளவு என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் சுத்தப் பைத்தியம் உனக்குத் தெரியும். விடுமுறை நாளில் மீன்களை ஒரு மக்கில் பிடித்து வைத்துவிட்டு, தொட்டியை ஒரு சொட்டு விடாமல் கவிழ்த்தேன். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவினேன். ஃபில்டருக்குள் இருந்த பஞ்சைக் குழாயடியில் வைத்துத் துணி துவைப்பதுபோல் கசக்கினேன். பழுப்பு நிறத்தில் அழுக்கு போகப் போக அப்படி ஒரு திருப்தி! குழாய்த் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி மீன்களை விட்டேன். தொட்டி பளிங்குபோல் இருந்தது.

மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இன்னும் இரண்டு சிட்டிகை தீனி போட்டேன். அதற்கும் மறுநாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துவிட்டது. ஆரஞ்சு வால்காரனும் அவனுடனேயே திரியும் குட்டையனும் சாய்ந்து கிடந்தார்கள். முடி வெட்ட வந்த ஒருவரைப் பாதி வெட்டிய தலையோடு உட்கார வைத்துவிட்டு வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன்.

நீ மீன் வாங்கிய அதே அம்மாதான் இருந்தார். நான் சொல்லச் சொல்லத் தலையில் கை வைத்துக்கொண்டார். "தண்ணிய மாத்தச் சொன்னா, குடும்பத்தையே தெருவுல விட்டுட்டீங்களே!" என்றார். பஞ்சில் இருந்தது வெறும் அழுக்கு இல்லையாம். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில்தான் குடியிருக்குமாம். குழாய்த் தண்ணீரில் கலக்கிற மருந்து அவற்றையும் கொல்லும், மீனின் செவுளையும் சுடும். "தீனியக் குறைங்க. தினமும் கொஞ்சமா மாத்துங்க. அந்த உயிருங்க திரும்ப வளந்து மீதியப் பாத்துக்கும். உங்க கை சும்மா இருந்தா போதும்" என்று, குழாய் மருந்தை முறிக்கிற சொட்டு மருந்து ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

அதன் பிறகு மூன்று வாரம் கடையில் யாரும் அரசியல் பேசவில்லை, தெரியுமா? உள்ளே நுழைகிறவர்கள் எல்லோரும் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பார்கள், அப்புறம்தான் என்னை. தண்ணீர் எடுக்க டியூப் வாங்கி வந்த அன்று ஹாரன் முன்வந்தார். "டீசலயே உறிஞ்சினவன் நான், இதென்ன பிரமாதம்?" என்று ஓர் இழுப்பு இழுத்தார். வாய் நிறையத் தொட்டித் தண்ணீர். துப்பிவிட்டு, "டீசலே தேவலாம்" என்றார். கடையே விழுந்து விழுந்து சிரித்தது. இப்போது டியூபை முதலில் தண்ணீரால் நிரப்பி, விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை வாளிக்குள் இறக்கி விரலை எடுத்துவிடுகிறேன். யாரும் எதையும் குடிப்பதில்லை.

இருபதாவது நாள் காலையில் ஷட்டரைத் தூக்கினேன். தொட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த நீல அட்டை பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் இருக்கிறதா என்றே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. நான்கு மீன்களும் கீழே கற்களுக்குள் தீனி தேடிக்கொண்டிருந்தன. தனியாக நின்று கை தட்டினேன்.

இப்போது சனிக்கிழமைதான் தண்ணீர் மாற்றும் நாள். நான்கில் ஒரு பங்கு மட்டும். புதுத் தண்ணீரை முந்தின நாளே வாளியில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுக் கடைக்குள்ளேயே வைத்துவிடுவேன். அதுவும் தொட்டியின் சூட்டுக்கு வந்துவிடும். கண்ணாடியில் படிகிற பாசிக்குப் புது பிளேடு, முகத்துக்கு வைக்கிற அதே சாய்வு. ஒரு வெட்டு கூட விழவில்லை.

எனக்குச் சரியாக வராதது பஞ்சு மட்டும்தான். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அதை அலசி, இரண்டே தடவை பட்டும் படாமலும் பிழிய வேண்டும். என் கையோ முரட்டுக் கை, ஏற்கனவே இரண்டு உயிரை வாங்கிய கை. டாக்டர் உன்னைத் தினமும் ரப்பர் பந்தைப் பிழியச் சொல்லியிருக்கிறார் என்றும், உன் விரல்களுக்கு இன்னும் பலம் வரவில்லை என்றும் அக்கா சொன்னார். இங்கே பலமே கூடாத வேலை ஒன்று இருக்கிறது, பங்காளி. வாரத்துக்கு ஒரு தடவைதான். கத்தரியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஹாரன் உட்பட.

போன வாரம் ஒருவர் வேலை கேட்டு வந்தார். நல்ல கைக்காரர். உன் நாற்காலியைக் காட்டிக் கேட்டார். "ஆளு இருக்கு, லீவுல போயிருக்கு" என்றேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று நீ போனில் சொன்னாயே, அது எனக்குக் காதில் விழவில்லை. லைன் சரியில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். அவர் உனக்காக எழுதி அனுப்பிய கடிதம் முத்து முத்தாக இருந்தது. ஆனால் எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டாம். இதற்குப் பதிலை நீயே எழுது. வலது கையால் எழுது. எழுத்து கோணட்டும், வரி மேலே ஏறட்டும், ஒரு சொல்லுக்கு ஒரு நாள் ஆகட்டும். இரண்டு வரி போதும். கிறுக்கல் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடாதே. எனக்கு வாசிக்கத் தெரியும்.

உன் விரல்கள் ஒவ்வொன்றாக உன் பேச்சைக் கேட்கத் தொடங்கட்டும்.

என்றும் உன்
கடைப் பங்காளி