சோளம் விட்ட மூச்சு

இன்று காலை சோள மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். மழை ஈரம் ஏறி, நடுவில் வெதுவெதுப்பாக இருந்தது. லேசான புளிப்பு வாடை. "கெட்டுப்போச்சா அத்தை?" என்று மருமகள் கேட்டாள். நான் உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன்.

எழுபதுகளின் கடைசி. நாம் இருவரும் திருச்சியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தோம். கோடை விடுமுறைக்குச் செட்டிகுளத்தில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். கொட்டகை ஓரத்தில் சோளம் கொட்டி மூடிவைத்திருந்த மண் குழியை அன்று திறந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். வாய் மட்டும் குறுகல். கல்லை நகர்த்தியதும் நீ அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினாய். பாதியிலேயே அணைந்தது.

"காத்துல அணைஞ்சிருக்கும்," என்றார் உன் அண்ணன்.

"குழிக்குள்ள ஏது காத்து? கொஞ்சம் பொறுண்ணே."

அவர் பொறுக்கவில்லை. நீ விடாமல் சொன்னதற்காக இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். சோளத்தின் மேல் கால் வைத்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்படியே மடங்கிச் சரிந்தார். உன் அப்பா குழிக்குள் இறங்கப் போனார். நீ குறுக்கே நின்று மறித்தாய்.

"நீங்களும் வுழுந்துருவீங்கப்பா. கயித்த இழுங்க."

எல்லோருமாக இழுத்தோம். வெளியே கிடத்தி வெகுநேரம் விசிறிய பிறகுதான் அவர் கண் திறந்தார். முனி அடித்துவிட்டதென்று உன் அம்மா திருநீற்றுக்கு ஓடினார்.

"முனி இல்லம்மா. சோளம் உசுரோட இருக்குல்ல, அதுவும் மூச்சு வுடுது. அடைச்ச குழியில இருந்த நல்ல காத்தயெல்லாம் அதே எடுத்துக்கிச்சு."

அம்மா எதற்கும் இருக்கட்டுமென்று திருநீறு பூசினார். நீ அதோடு விடவில்லை. மறுநாள் குளத்துப் பாசியைப் பாட்டில் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தாய். குமிழி குமிழியாக வந்தது. நிழலுக்கு நகர்த்தினால் நின்றது.

"வெயில்ல இலை நல்ல காத்த வுட்டுட்டு மாவு சேக்குது. அந்த மாவத்தான் விதை எரிச்சு உசுரோட இருக்குது. நெருப்பில்லாம எப்படிடி எரிக்கும்?"

பாடத்தில் இருந்த சமன்பாட்டை மண்ணில் எழுதிக் காட்டினேன். உனக்குப் போதவில்லை.

பிறகு நான் அரியலூரில் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன்; நீ விக்கிரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டாய். போன வருடம் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது, மூக்கில் மாட்டியிருந்த குழாயைத் தொட்டுக் கேட்டாய்.

"இந்தக் காத்து உள்ள போயி கடைசியா எங்கடி வேலை செய்யுது?"

"செல்லுக்குள்ள. மைட்டோகாண்ட்ரியா."

"அது பேரு. என்ன பண்ணுதுன்னு கேட்டேன்."

நான் பழைய பாடத்தை நினைவுபடுத்திப் பார்த்தேன். நீ தூங்கிவிட்டாய்.

நீ போன பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். உணவிலிருந்து கழன்ற எலக்ட்ரான்களைச் செல் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகிறது. போகிற வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் நெருப்பு வேண்டியதில்லை. கடைசியில் வாங்கிக்கொள்ள நிற்பது நாம் இழுத்த ஆக்சிஜன். வாங்கிக்கொண்டு அது தண்ணீராகிவிடுகிறது.

"தண்ணியாவா?" என்று எழுந்து உட்கார்ந்திருப்பாய். உடனே இன்னொன்று கேட்டிருப்பாய். அது என்னவாக இருக்குமென்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.