தறுகண்மைக்குப் பொருளாயிருந்த அக்காவுக்கு

வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கும் பெருமக்களே! மேல் லயத்து வீடொன்றில் ஒரு தாய் இறந்து கிடக்கிறாள். நீங்களோ கொழுந்துக் கூடையோடு நிற்கிறீர்கள். உங்களிடம் பேசிப் பேசி என் நா வறண்டது. ஆகவே, மறைந்துபோன நம் அக்காவுக்கு எழுதிய மடலைப் படிக்கிறேன். கேளுங்கள்.

அக்கா, இன்று விடியலில் சாவுக்கு அடிக்கும் தப்பின் தோலைத் தீயில் காய்ச்சும் வாடை வந்தது. உங்கள் நினைவு நெஞ்சை அறுத்தது.

எல்கடுவைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் ‘தறுகண்மை’ என்று நான் முழங்கிய அன்று, மேடையை விட்டு இறங்கியதும் என்னை மறித்தீர்கள்.

“என்னா தம்பி, கல்லப் போட்டு மெல்லுற மாதிரி ஒரு சொல்லு சொன்னீங்க?”

அஞ்சத்தக்கதைக் கண்டும் அஞ்சாமல் நிற்பது என்றேன்.

“அப்ப அது எங்க கங்காணியாரு பொஞ்சாதிக்குத்தான் பொருந்தும்!”

அதன்பின் கீழ் லயத்தில் ஒரு முதியவர் இறந்தார். லயத்தில் பிணம் கிடக்கையில் கொழுந்து பறிப்பதில்லை என்பது நம் வழக்கம். புதிதாக வந்த தோட்டத் துரையோ மலைக்குப் போகச் சொன்னார். நீங்கள் கூடையைக் கவிழ்த்து வைத்து, மண்ணில் அமர்ந்தீர்கள்.

“என்னாடி, தறுகண்மையா?” என்றார் கங்காணி, நையாண்டியாக.

“ஆமாங்க. நாளைக்கு நீங்க செத்தாலும் இப்படித்தான் ஒக்காருவேன்.”

களமே சிரித்தது. பிறகு ஒவ்வொரு கூடையாகக் கவிழ்ந்தது.

பின்னர் பஞ்சம் வந்தது. வேலைக்கு வராத வீட்டுக்குப் பங்கீட்டு மாவு இல்லை என்றார்கள். நீங்கள் இறந்த அன்று எல்லாரும் மலையேறினார்கள். பழிக்க எனக்கு நாவெழவில்லை. பிள்ளைகளின் வயிறு ஒட்டிக் கிடந்தது. தோள் போதாமல் உங்கள் பாடையை வழியெங்கும் இறக்கி இறக்கிச் சுமந்தோம். மலையில் நின்ற பெண்கள் தலை திருப்பாமல் கொழுந்து பறித்தார்கள்.

அச்சொல்லை அதன்பின் எந்த மேடையிலும் நான் சொல்லவில்லை. அதன் பொருளைப் புதைத்துவிட்டு, ஒலியை மட்டும் எப்படி முழங்குவேன்? வாய் திறந்தால் பாடையின் கனம்தான் தோளில் ஏறுகிறது. இன்றும் மாவைக் காட்டியே அச்சுறுத்துகிறார்கள். இந்தக் களத்து மக்கள் அசைவார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை, அக்கா. இவர்களைக் கேட்காமல் போகவும் முடியவில்லை.

பெருமக்களே, மடல் முடிந்தது. கங்காணி பெயர் கூப்பிடுமுன் களத்தை விட்டு வெளியேறுங்கள். மேல் லயத்துக்கு நடங்கள். அந்தத் தாய்க்குத் தோள் கொடுங்கள். இப்பொழுதே!