டானிலோ என்று கூப்பிட்டவளுக்கு

அக்கா,

இன்று காலை என் மகன் மாட்டுக் கொட்டகையைப் பினாயில் ஊற்றிக் கழுவினான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், சேலத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிழிந்த நாராகக் கிடந்த உங்கள் முகம் கண்முன் வந்துவிட்டது.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பிரசவ வலி கண்ட உங்களை மொரப்பூரில் ரயிலேற்றி அங்கே கொண்டு சேர்த்தோம். சண்டையில் நாட்டை இழந்து வந்திருந்த வெள்ளைக்கார நர்சம்மாதான் உங்களையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தாள். செத்துப்போன தன் தம்பியின் பெயர் டானிலோ என்று அரைகுறைத் தமிழில் சொன்னாள். எபிரேய மொழியில் பிறந்த பெயராம். இங்கே கிறிஸ்தவ வேதக்காரர்கள் தானியேல் என்று வைப்பதைத்தான் அவள் நாட்டுப் பக்கத்து ஸ்லாவ் இனத்துச் சனங்கள் டானிலோ என்பார்களாம். 'கடவுள்தான் எனக்கு நீதிபதி' என்று அர்த்தமாம். அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டீர்கள்.

நாம் இருவரும் மருமகளாக வந்த வீட்டில் தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர்தான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் பெற்றவளே தன் பிள்ளையைக் கடைசிவரை 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். இது என்ன நியாயமோ! தொட்டில் போட்ட அன்று, பெயர் சொல்ல நாத்தனார் பிள்ளையின் காதருகே குனிந்தாள். நீங்கள் பிள்ளையை வாங்கி அணைத்துக்கொண்டீர்கள்.

"எம்புள்ளைய நான் பேர் சொல்லிக் கூப்புடணுங்க. இவன் பேரு டானிலோ."

மாமனார் எழுந்துவிட்டார். "வேதத்துல சேந்துட்டயா? ஊரு என்ன சொல்லும்?"

"சேரலீங்க. ஊரு எனக்கு நீதிபதி இல்லீங்க."

உங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். அதோடு மாமனார் உங்களிடம் பேச்சை விட்டார். நீங்கள் அசையவில்லை. கம்பங்கொல்லை வரப்பில் நின்று "டானிலோ!" என்று குரல் கொடுத்தால், ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வேண்டுமென்றே இன்னொரு தரம் கூப்பிடுவீர்கள்.

மாமனார் பெயர் அடுத்து என் மகன் தலையில் விழுந்தது. நானும் 'சாமி' என்றே ஓட்டினேன்.

"அந்தப் பேரு அவரோடதா, உம்புள்ளையோடதா தங்கச்சி?" என்று கேட்டீர்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு நாக்கு எழவில்லை.

உங்களைப் பாடையில் எடுத்துப்போன அன்றுதான் என் வாய் திறந்தது. அன்றிலிருந்து உங்கள் டானிலோவை நான்தான் கூப்பிடுகிறேன். என் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

இன்றும் கொட்டகைப் பக்கம் திரும்பி, "டேய் மாதப்பா, கஞ்சி குடிக்க வாடா!" என்றேன். தெருவில் போன பங்காளி வீட்டுப் பெரியவர் நின்று முறைத்தார்.

இன்னொரு தரம் கூப்பிட்டேன்.