பூர்வீகம்: ஷ்லீரன்

நண்பா,

இன்று காலை என் சுவிஸ் கடவுச்சீட்டு தபாலில் வந்தது. இந்த நாட்டில் அதில் பிறந்த ஊரைப் போடமாட்டார்கள், பூர்வீக ஊரைத்தான் போடுவார்கள். என்னுடையதில், எனக்குக் குடியுரிமை தந்த இந்தச் சிறு நகரின் பெயர், 'ஷ்லீரன்' என்றிருக்கிறது. மனைவிக்குச் சிரிப்பு.

"உங்கட பூட்டனார் இங்கதான் மாடு மேய்ச்சவரோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் நினைப்புத்தான் வந்தது, கூடவே அந்தப் பழைய எரிச்சலும். நீ போய்ச் சேர்ந்தவன், உன்னிடம் இனி மறைத்து என்ன? எனக்கு உன்மேல் பொறாமை.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் நாம் அருகருகே நின்று சட்டி கழுவிய காலத்தில் தொடங்கியது அது. எல்லோரும் உன்னைச் செச்சென்காரன் என்பார்கள். "நான் இங்குஷ், அவங்கட பக்கத்து மலைச் சனம்" என்று சலிக்காமல் திருத்துவாய். உன் குடும்பப் பெயரே உன் மலையூரின் பெயர். மேற்பார்வையாளர் உன்னைத் திட்டிக் கூப்பிட்டாலும் உன் ஊரைத்தான் கூப்பிட்டார். நானோ அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டு திரிந்தேன். அதில் ஊர் இல்லை.

நமக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன்தான். ஆனாலும் நீ சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் பேச்சிலேயே கிடக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சோவியத்காரர் உன் சனத்தையும் செச்சென் சனத்தையும் ரயிலேற்றிக் கசகஸ்தானுக்கு அனுப்பினார்கள். இருவருக்கும் பொதுவாயிருந்த குடியரசைக் கலைத்து, நிலத்தை அக்கம்பக்கத்தாருக்குப் பங்கு போட்டார்கள். பிறகு திரும்பி வரவிட்டார்கள், குடியரசையும் கொடுத்தார்கள். மலையூர்களில் குடியேற மட்டும் விடவில்லை. சோவியத் உடைந்ததும் குடியரசு இரண்டானது; அவர்கள் வேறு, நீங்கள் வேறு.

"எல்லையை எத்தினைதரமும் மாத்தட்டும், கோபுரத்தை மாத்தேலாது" என்பாய். ஊரைக் காத்து நிற்கும் அந்தக் கல்லுக் காவற்கோபுரத்தையும், ஏணி வைத்து ஏறும் அதன் வாசலையும், பனி உருகி வரும் ஓடையையும் நீ சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரியும். எங்கள் ஊரோ, சனத்தை எழுப்பிவிட்டு இராணுவம் பிடித்துவைத்திருக்கும் வலயத்துக்குள். வீடு நின்ற இடத்தைக்கூட இனி அடையாளம் காட்ட முடியாது.

பிறகு உனக்குப் புற்றுநோய். உன் சனம் எங்கெங்கிருந்தோ வந்து கூடி, உன் உடலை அந்த மலைக்கே அனுப்ப ஏற்பாடு செய்தது. நான் உன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்ச ஊருக்குத்தானே போறான்" என்றேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

"அண்ணை அங்க ஒருக்காலும் போனதில்லை. கசகஸ்தானில பிறந்தவர். அதெல்லாம் எங்கட அப்பா சொன்ன கதை."

அன்று என் பொறாமை இரட்டிப்பானது. நான் ஓடித் திரிந்த ஊர் என்னை உள்ளே விடாது. நீ கண்ணாலும் காணாத ஊர் உன்னை மண்ணுக்குள் எடுத்துக்கொண்டது. இது எந்த ஊர் நியாயம்?

அந்தக் கோபத்தில், உனக்குப் போட்டியாகத்தான், மகளுக்கு எங்கள் ஊரைச் சொல்லத் தொடங்கினேன். சந்தி, தபால் கந்தோர், சீமெந்து ஆலைத் தூசி படிந்த முருங்கை. இங்கே பிறந்த பிள்ளை, தொலைக்காட்சியைப் பார்த்தபடியே கேட்பாள். போன கிழமை திடீரென்று திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் செத்தா உங்கட சாம்பலை அங்கயோ கொண்டுபோறது?"

"ஓம்."

"உள்ள விடாட்டி?"

"விடுமட்டும் வைச்சிரு, பிள்ளை."

"சரி" என்றுவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டாள். அன்று மாலை முழுவதும் உன்மேல் எனக்குப் பொறாமையே வரவில்லை.