ஊடும் வீடும்

அன்புள்ள அம்மணிக்கு,

வெட்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நம் செல்வியின் நாலாம் வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அந்தியூருக்குக் கிளம்பும்போது சொன்னபடி, அவளைப் பல்லடம் இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்க்க டி.சி. வாங்கத்தான் வந்தேன். "வீடுன்னு எழுதாம ஊடுங்கறா, டீச்சர் திருத்தறதே இல்லீங்க, கவர்மெண்டு ஸ்கூலுன்னா இப்படித்தானுங்க" என்று நீ பொரிந்து தள்ளியதையும் டீச்சரிடம் சொன்னேன். நீ சொன்னதாகவே சொன்னேன், எனக்கு எதற்கு வம்பு?

டீச்சர் சிரித்தபடி செல்வியின் கட்டுரையை நீட்டினார். "மொதல்ல மனசுல இருக்கறத எழுதட்டுங்க. எழுத்தைப் பொறகு திருத்திக்கலாம்."

அவள் கிறுக்கலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'எங்க ஊட்டுல தறி ஓடுனா அம்மா தூங்குவாங்க. தறி நின்னா முழிச்சுக்குவாங்க.'

ஜன்னலோரம் ஒரு துளிப் பஞ்சு மிதந்தது. நீ பக்கத்தில் தூங்குவதுபோல இருந்தது. மனசுக்குள் 'வீடு' என்று திருத்திப் பார்த்தேன். அது வேறு யாருடைய வீடோ போல இருந்தது, அம்மணி.

டி.சி. கேட்கவில்லை. இங்கேயே படிக்கட்டுமா? நேரில் வந்து திட்டு.

எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். முழங்கால் டெஸ்குக்குள் மாட்டிக்கொண்டது. ஆசாரியைக் கூப்பிட ஆள் போயிருக்கிறது.

உன் ஊட்டுக்காரன்