எண்ணினவள் சொன்னதே கணக்கு

ஜூலை 5, சனி

அத்தா கடைக்கு மதுரையிலிருந்து பொம்மைச் சரக்கு வந்தது. லாரியில் நசுங்கி மூலை கிழிந்த பெட்டி எனக்கு. அது வீட்டுச் சட்டம். இந்த முறை கிழிந்தது பீரங்கி வண்டி! அழுத்திக் கோத்துக் கட்டுகிற 1,068 பிளாஸ்டிக் கட்டைகள்! (மூலையைக் கொஞ்சம் நானே கிழித்திருக்கலாம். ராணுவ ரகசியம்.)

அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டேங்க்னு போட்டிருக்கு. தண்ணி எத்தன கொடம் பிடிக்கும்?"

என் வகுப்புத் தோழி தாரணி பூம்பாறை பஸ்ஸில் வெள்ளனே வந்துவிட்டாள். அவள் வீட்டில் பூண்டு விவசாயம். ஆகவே எங்கள் படையில் அவள் தளபதி பூண்டு. நான் சேனைத் தலைவி. கிழங்கு என்று கூப்பிட்டால் ராணுவ நீதிமன்றம்.

விலை குறைந்த கம்பெனிப் பெட்டி. ஒன்றிரண்டு கட்டை எப்போதும் குறையும். எனவே கட்டும் முன் எண்ண வேண்டும். நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் அம்மாவின் பெரிய சகன் தட்டில் கொட்டி ஒருத்தி எண்ணுவாள், மற்றவள் செய்முறைப் புத்தகத்தின் கடைசிப் பக்கப் பட்டியலில் டிக் போடுவாள். எண்ணினவள் சொன்னதே கணக்கு. மற்றவள் திரும்ப எண்ணக் கூடாது. எட்டாம் வகுப்பில் நான் போட்ட விதி.

இன்று எண்ணியது நான். இருப்பதிலேயே சின்னதான ஒற்றைப் புள்ளிக் கட்டை இரண்டு குறைவு — நிஜமாகவே. பீரங்கிக் கூண்டு சுழல்வதற்கான கருப்பு வளையம் ஒன்று குறைவு — அது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

திட்டம் இதுதான். ஆகஸ்ட் பதினைந்து, பள்ளிக் கண்காட்சி. கூண்டு சுற்றவில்லையே என்று பூண்டு கண்ணைக் கசக்குவாள். அப்போது எல்லா டீச்சரும் பார்க்க, அவள் காதுக்குப் பின்னாலிருந்து வளையத்தை எடுப்பேன். கைதட்டல் மலையிறங்கி வத்தலக்குண்டு வரை கேட்கும்.

ஜூலை 6, ஞாயிறு

சக்கரங்கள் முடிந்தன. "வளையம் கீழ எங்கயும் உருண்டு போயிருக்காதுல்ல?" என்று தாரணி கேட்டாள். கட்டிலுக்கு அடியில் நானும் சேர்ந்து தேடினேன். இந்த நடிப்புக்கு விருது கிடையாதா?

ஜூலை 12, சனி

மழை, பனி. கை விறைத்தால் கட்டை அழுந்தாது. டீ கிளாஸைப் பிடித்துச் சூடாக்கிக்கொண்டு கட்டினோம்.

பழைய பெட்டிகளில் மிஞ்சியதெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். இருவருக்கும் பொது, வைத்திருப்பது தாரணி. பெயர் அநாதை டப்பா. அதை இன்று கொண்டுவந்து கவிழ்த்து முக்கால் மணி நேரம் துழாவினாள். ஒற்றைப் புள்ளி இரண்டும் கிடைத்தன. வளையம் இல்லை.

"குட்டி யானைல ஒண்ணு இருக்கு," என்றாள். "பிரிக்க மனசு வரலடி."

குட்டி யானை என்பது நாங்கள் கட்டிய முதல் ராணுவ லாரி. அவள் வீட்டு டிவி மேல் நிற்கிறது.

"பிரிக்காத. ஏதாச்சும் வழி பொறக்கும்," என்றேன். வழி என் பையில்தான் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

"நல்லா எண்ணுனியா சமீஹா?"

"சேனைத் தலைவி எண்ணத்துல தப்பு இருக்கலாம், எண்ணிக்கைல இருக்காது."

வழக்கமாக இதற்கு என் முதுகில் ஓர் அடி விழும். இன்று விழவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல.

ஆகஸ்ட் 2, சனி

கூண்டைத் தவிர எல்லாம் முடிந்தது. ஸ்டிக்கரை வீட்டில் நிதானமாக ஒட்டுவதாகச் சொல்லி, தாரணி வண்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாள். பஸ் படியில் நின்று, "வேற ஒண்ணும் சொல்லணுமா?" என்றாள்.

"ஆமா. டிரைவர் கிட்ட சொல்லு, வளைவுல மெதுவா. உள்ள பீரங்கி இருக்கு."

ஆகஸ்ட் 9, சனி

தாரணி வரவில்லை. பூண்டு உரிக்க ஆள் போதவில்லையாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் ஹாலுக்கு ஓடினேன். வளையம் கையில், சட்டை மடிப்புக்குள்.

மேஜையில் எங்கள் பீரங்கி. முன்னால் அட்டை: "தாரணி, சௌம்யா. பதினொன்றாம் வகுப்பு."

இரண்டு தடவை படித்தேன். அட்டையின் பின்பக்கமும் பார்த்தேன் — என் பெயர் அங்கேயாவது இருக்குமோ என்று. எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

சௌம்யா! ஜூனில் வந்து சேர்ந்த ஹாஸ்டல்காரி! ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டியிருக்கிறாள். அவள் டீச்சருக்கு விளக்கம் சொல்கிறாள், கூண்டைச் சுழற்றுகிறாள், அது சுற்றுகிறது. வளையம் என் கையில் இருக்கும்போதே சுற்றுகிறது.

தாரணி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கூண்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சக்கரப் பட்டையை யாருடி கோத்தது? ரெண்டு பக்கமும் நூத்தி எட்டு கண்ணி, நகம் பேந்து போச்சு எனக்கு! எங்க அத்தா கொடுத்த பெட்டி, எங்க அம்மா போட்ட டீ. மூணு வருசம். மூணு வருசமா ஒரே தட்டுல எண்ணுனோம். என்னை அழிச்சிட்டு வேற ஒருத்தி பேரை எழுத எப்படி மனசு வந்துச்சு உனக்கு?

யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கேட்டதற்கு, "முதல் பரிசு," என்றேன். பொய் இல்லையே, அவர்களுக்குத்தான் கிடைத்தது.

ஆகஸ்ட் 16, சனி

எழுத ஒன்றும் இல்லை. துரோகி.

ஆகஸ்ட் 18, திங்கள்

இடைவேளையில் தாரணியை மாடிப்படியில் மறித்தேன். எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட பட்டமும் கொடுத்தேன். நான் மூச்சு வாங்க நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"கம்பெனிக்காரன் ஒத்தப் புள்ளியத்தான் முழுங்குவான். தம்மாத்தூண்டு, பையில விழாம தப்பிரும். இருவது பெட்டி பிரிச்சிருக்கோம். வளையம் என்னைக்காச்சும் கொறஞ்சிருக்கா?"

நான் ஒரு படி கீழே இறங்கினேன்.

"தெரியும்னா அன்னைக்கே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். மூணு தடவ கேட்டேன். பஸ் படியில நின்னும் கேட்டேன்."

"விளையாட்டுக்குடி! கண்காட்சில தரலாம்னு..."

"எல்லாத்துலயும் விளையாடு. நானும்தான் சிரிப்பேன். எண்ணுறதுல மட்டும் விளையாடக் கூடாதுன்னு சொன்னது யாரு? குட்டி யானையப் பிரிச்சேன். சௌம்யாதான் கூட இருந்தா."

மணி அடித்தது. அவள் போய்விட்டாள்.

அதற்காகப் பெயரை எடுத்துவிடுவதா? ஒரு வளையத்துக்கு ஒரு ஆளா? அது அதிகம்தான். இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் குட்டி யானையைப் பிரிக்கும்போது அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று யோசனை ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அவள் பை திறந்திருந்தது. வளையத்தை உள்ளே போட்டுவிட்டேன். என் வாழ்நாளில் யாரையும் சிரிக்கவைக்க நினைக்காமல் ஒரு பொருளை இன்னொருத்தர் பையில் போட்டது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 30, சனி

பூம்பாறை பஸ் கண்டக்டர் கடையில் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் அநாதை டப்பாவில் பாதி. மேலாகவே நான் அவள் பையில் போட்ட கருப்பு வளையம். அதனடியில் மடித்த சீட்டு, உருண்டை உருண்டையான தாரணி எழுத்து:

"மொத்தம் 412. உனக்கு 206. எண்ணிப் பார்த்துக்கொள்."

"எண்ணிப் பார்த்துக்கொள்" என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொன்னதே கிடையாது.

அம்மா சகன் தட்டை எடுத்து வந்து வைத்தாள். "என்னடி, கொட்டலையா?"

"வேணாம்மா. சரியாத்தான் இருக்கும்," என்றேன்.