செம்பருத்திக் குச்சிப் பந்தயம்

அன்புள்ள ஜஸீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உம்மாவும் தஹ்சீன் பாப்பாவும் சுகம்தானே? நான் நல்ல சுகம். போன்தான் மழையில் நனைந்து கல்மண்டபம் பக்கத்து செல்போன் கடையில் ரிப்பேருக்குக் கிடக்கிறது. கவலைப்படாதே, நான் நனையவில்லை.

எண்ணூரில் இரண்டு வாரமாக ஐப்பசி மழை. கம்பெனித் தோட்டத்தில் இறங்க முடியவில்லை. ஷெட்டில் உட்கார்ந்து செடி வெட்டும் கத்தரிக்கு எண்ணெய் போட்டோம், தொட்டிகளைக் கழுவினோம். பொழுது போகாமல் ஆளுக்கொரு டீ கப்பில் செம்பருத்திக் குச்சி நட்டுப் பந்தயம் கட்டினோம். எல்லோருடையதும் துளிர்த்துவிட்டது, என்னுடையது மட்டும் மொட்டையாக நிற்கிறது. மண் சரியில்லை என்று சண்டை போட்டேன். கூட வேலை செய்யும் கருணாகரன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னா மாமு, தெனம் புடுங்கிப் புடுங்கிப் பாத்துகினு கீறே, அப்பால எப்டி வேர் வுடும்?"

பத்து வருடத் தோட்டக்காரன் நான்!

நம் வீட்டு மருதாணியில் ஒரு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி அனுப்பு. அதைத் தொடவே மாட்டேன். பாப்பா நடக்கிறாளா என்று தினமும் கேட்டு உன்னையும் இனி நச்சரிக்க மாட்டேன்.

மழை விட்டுவிட்டது, மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உன் மச்சான்,
ஷாகுல் ஹமீது

பி.கு.: பின்பக்கம் கருணாகரனின் நம்பர் இருக்கிறது. பாப்பா ஒரே ஒரு எட்டு எடுத்து வைத்தாலும் உடனே கூப்பிடு.